வெளிநாட்டில் பொருள் தொலைந்தால் காவல் நிலையத்தை அணுகும் முறை: கொங்கு நாட்டுப் பயணிகளுக்கு

ஜனவரி மாதம் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் புறப்படும் கரூர் ஏற்றுமதியாளர்கள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் குவாங்சோவின் கேண்டன் சந்தைக்குச் செல்லும் கோவை, ஈரோட்டு வணிகர்கள், பீளமேட்டில் விமானம் ஏறிச் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இறங்கும் குடும்பத்தினர் என நம் பகுதியிலிருந்து வெளிநாடு செல்பவர்கள் இன்று ஏராளம். விசா, டிக்கெட், தங்குமிடம், கையோடு கொண்டுபோகும் பருப்புப்பொடி வரை கவனமாக ஏற்பாடு செய்துகொள்ளும் இவர்களில் பெரும்பாலோர், பை காணாமற்போனால் எந்த வாசலுக்குச் சென்று எதைக் கேட்டு வாங்குவது என்பதை மட்டும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெளியூர்க்காரர் ஒருவரின் பணப்பையை அந்நாட்டுக் காவல் துறை தேடிக் கண்டுபிடித்துத் தரும் என்ற நம்பிக்கையில் காவல் நிலையம் செல்வது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். நாம் அங்கே செல்வது, தொலைந்ததைப் பற்றிய அதிகாரபூர்வமான ஒரு தாளைப் பெறுவதற்காக. அந்தத் தாளை இந்தியத் தூதரகம் படிக்கும். அந்நாட்டுக் குடிநுழைவு அதிகாரி படிப்பார். இன்சூரன்ஸ் நிறுவனம் படிக்கும். கடைசியில் கோவை அவிநாசி சாலையில் உள்ள பாஸ்போர்ட் அலுவலகமும் படிக்கும். இவர்களில் ஒருவரும் நம்மை நேரில் அறியாதவர்கள். தாளில் உள்ளதை மட்டுமே நம்புவார்கள். ஏற்றுமதிக்கு வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்தில் உள்ள ஒரு சொல்லும் இன்வாய்சில் உள்ள சொல்லும் மாறுபட்டால் வங்கி ஆவணங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது திருப்பூரில் சிறு நிறுவனம் நடத்துபவருக்குக்கூடத் தெரியும். காவல் நிலையத் தாளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

காவல் நிலையத்துக்கு முன்னால்

பொருள் காணவில்லை என்று தெரிந்த முதல் அரை மணி நேரத்தில், காவல் நிலையத்தைவிட அவசரமானது வங்கி அட்டை. இந்தியாவுக்குள் இணையத்தில் பொருள் வாங்க ஒருமுறைக் கடவு எண் போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால், அட்டை போனாலும் எண் வராமல் பணம் எடுக்க முடியாது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அந்த எண் கேட்கப்படுவதே இல்லை. அட்டையைத் தட்டிச் செலுத்தும் இயந்திரங்களிலும் சிறு தொகைகளுக்கு ‘பின்’ என்னும் ரகசிய எண் தேவைப்படாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். எனவே அட்டையை முடக்கிய நேரத்தையும், வங்கி தரும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்வது அவசியம். பின்னர் காவல் நிலையத்தில் சொல்லும் நேரக் கணக்குக்கும் இக்குறிப்பு உதவும்.

கைபேசியும் சேர்ந்து போயிருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. வங்கியின் எண்ணும் வீட்டாரின் எண்ணும் அதனுள்தான் இருக்கும். வீட்டில் ஒருவருடைய எண்ணையாவது மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய வழக்கத்தை நாம் கைவிட்டது எவ்வளவு பெரிய குறை என்பது அப்போதுதான் தெரியும். தங்குமிடத்தின் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசி, சிம் அட்டையை முடக்கச் சொல்ல வேண்டும். கைபேசியின் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் காவல் நிலையத்தில் கேட்கப்படும். கைபேசி வாங்கிய பில்லிலும் அட்டைப்பெட்டியிலும் அது அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், வீட்டாரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். கைபேசி இருக்குமிடத்தைக் கணினியில் பார்க்க முடிந்தாலும், அந்த முகவரியைத் தேடி நாமே சென்று கதவைத் தட்டக் கூடாது. அந்தத் திரையின் படத்தைக் காவலரிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது.

எல்லா இழப்பும் காவல் துறையின் கணக்கில் வராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விமானத்தில் சரக்காக ஏற்றிய பெட்டி வந்து சேரவில்லை என்றால், விமான நிலையத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே, பெட்டி வரும் சுழல்பட்டை அருகிலுள்ள விமான நிறுவனத்தின் முகப்பில் உடைமைக் குறைபாட்டு அறிக்கை எழுதி வாங்க வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் கையில் கிடைத்த 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 21 நாள்கள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே கொள்ளலாம். ரயில், பேருந்து, டாக்சி, பேரங்காடி ஆகியவற்றில் மறந்து வைத்த பொருள்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் தொலைந்த பொருள் அலுவலகமே முதல் இடம். ஜெர்மானிய நகரங்களில் நகராட்சியே இதற்கென ‘ஃபுண்ட்பியூரோ’ என்ற அலுவலகத்தை நடத்துகிறது. ஜப்பானில் இந்த வேலையையும் காவல் துறையே ஏற்றுச் செய்கிறது. தெருமுனையிலுள்ள ‘கோபான்’ என்னும் சிறு காவல் சாவடியில் எழுதிக் கொடுத்தால் பதிவு எண் தருவார்கள். யாரேனும் கண்டெடுத்து ஒப்படைத்த பொருளை மூன்று மாதம் வைத்திருப்பார்கள். கண்டெடுத்தவர் பொருளின் மதிப்பில் ஒரு பங்கை வெகுமதியாகக் கேட்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுவதே மரியாதை.

தொலைந்ததா, திருடப்பட்டதா

காவல் நிலையத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். பலர் தடுமாறுவதும் இங்கேதான். பெரும்பாலான நாடுகளில் இவ்விரண்டுக்கும் படிவங்கள் வேறு, பதிவு முறைகள் வேறு. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் புகாரை ‘தெனுன்சியா’ என்பார்கள். தொலைந்ததற்கு ஒன்று, திருட்டுக்கு வேறொன்று. பிரிட்டனில் திருட்டைப் பதிந்து குற்ற எண் தருவார்கள். வெறுமனே தொலைந்தது என்றால், பல பகுதிகளில் பதிவே செய்யாமல், பொருளைத் தவறவிட்ட இடத்தில் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

பயணக் காப்பீடுகள் பலவும் திருட்டுக்கும் கொள்ளைக்கும் ஈடு தருமே தவிர, கவனிப்பாரின்றி விட்டுவந்த பொருளுக்குத் தருவதில்லை. இதை அறிந்த யாரோ ஒருவர், பெரும்பாலும் உடன் வந்த அனுபவசாலி ஒருவர், “திருடிட்டாங்கன்னு எழுதிக் குடுங்க, காசு வந்துரும்” என்று காதில் சொல்வார். அந்த அறிவுரையைக் கேட்கக் கூடாது. பொய்யான குற்றத் தகவல் தருவது ஜெர்மனியில் குற்றம். சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்தில் 182ஆம் பிரிவின்படி குற்றம். நம் நாட்டிலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அதே 182ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் நிறைந்த ஊர்களில், ‘இருவர் பறித்துக்கொண்டு ஓடினர்’ என்ற கதையை அடுத்த அரை மணி நேரத்தில் திரையில் போட்டுச் சரிபார்க்க முடியும். இருபதாயிரம் ரூபாய்ப் பைக்காக அடுத்த விசாவையும் வணிகத் தொடர்பையும் பணயம் வைப்பதில் எந்தக் கணக்கும் சேராது.

எது நடந்தது என்று உண்மையிலேயே தெரியாத நிலையும் உண்டு. சொல்லப்போனால் பெரும்பாலான இழப்புகள் அப்படிப்பட்டவையே. அப்போது முடிவை நாம் சொல்லாமல், நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்ல வேண்டும். காலை பத்தே காலுக்குக் காப்பிக்கடையில் பணம் கொடுத்தபோது பணப்பை இருந்தது. பத்தரைக்கு ரயிலில் ஏறும்போது கதவருகே மூவர் நெருக்கினர். பதினொன்றுக்குப் பையின் ஜிப் திறந்திருந்ததைக் கண்டேன் என்று கூறினால், அதைத் திருட்டாகக் கொள்வதா இல்லையா என்பதை அலுவலரே முடிவு செய்வார். அறுந்த பட்டை, கிழிந்த உறை, சட்டையில் யாரோ எதையோ கொட்டிவிட்டுத் துடைக்க வந்தது, பிறகு அட்டையில் நாம் செய்யாத செலவு ஏறியிருப்பது ஆகியவை திருட்டுக்கான தடயங்கள். இவற்றைக் கேட்கும் வரை காத்திருக்காமல் சொல்ல வேண்டும்.

எந்த நிலையம்

பொருள் போன இடத்துக்கு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் செல்வதே பொது விதி. நம் ஊரில் காட்டூர் எல்லையா, பீளமேட்டு எல்லையா என்று அலைய விடுவதுபோல் அங்கேயும் நடக்கக்கூடும். எனினும் நாட்டுக்கு நாடு இதற்கான விதி மாறும். ஃபிரான்சில் எல்லைக்கு வெளியே நடந்த குற்றமாக இருந்தாலும், சென்ற நிலையம் புகாரை ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியில் ரயில் நிலையங்களும் ரயில்களும் மத்தியக் காவல் துறையின் பொறுப்பு என்பதால், பெரிய ரயில் நிலையங்களுக்குள்ளேயே அவர்களுடைய அலுவலகம் இருக்கும். கண்காட்சி முடிந்து ஃபிராங்க்ஃபர்ட் மைய ரயில் நிலையம் வழியாகத் திரும்பும்போது பை போனால் வெளியே நகரக் காவல் நிலையத்தைத் தேட வேண்டியதில்லை. பிரிட்டனிலும் ரயில்களுக்கெனத் தனிப் போக்குவரத்துக் காவல் துறை உண்டு; 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே அவர்களைத் தொடர்புகொள்ளலாம்.

தாய்லாந்தில் 1155 சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் பிரிவின் எண்; இலங்கையில் 1912 சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண். துபாயில் அவசரமில்லாத செய்திகளுக்கு 901, பிரிட்டனில் 101. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 112 என்பது அவசர உதவி எண்; ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய மூன்றிலும் காவல் துறையின் அவசர எண் 110; சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 999. பொருள் போய் ஒரு மணி நேரம் ஆனபின் அவசர எண்ணை அழைக்கக் கூடாது. திருடன் கண்முன் ஓடும்போதும், யாருக்கேனும் காயம் ஏற்பட்டபோதும் மட்டுமே அதற்கு உரிமை உண்டு. அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் ஜெர்மானிய மாநிலங்களிலும் சிறு இழப்புகளை இணையத்திலேயே பதியலாம். எனினும் போனது பாஸ்போர்ட் என்றால் நேரில் சென்று முத்திரையிட்ட தாளைப் பெறுவதே நல்லது.

கோவையிலிருந்து பத்து நாளில் ஏழு நாடு காட்டும் குழுச் சுற்றுலாவில் சென்றவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. பேருந்து ஒரு மணி நேரத்தில் அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டுவிடும். ‘அங்கே போய் எழுதிக்கொள்ளலாம்’ என்று பொறுப்பாளர் அவசரப்படுத்துவார். எல்லையைக் கடந்துவிட்டால், முந்தைய நாட்டில் நடந்த திருட்டைப் பதிய அடுத்த நாட்டுக் காவல் துறை தயங்கும். குழுவைப் போகவிட்டு, ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு நின்று புகாரை முடித்துக்கொண்டு, ரயிலில் போய்ச் சேர்ந்துகொள்வதே சரியான வழி. ரயில் கட்டணம் வீண் என்று தோன்றினாலும், பின்னால் வரும் அலைச்சலோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

தாளில் என்ன இருக்க வேண்டும்

பெயரிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் தமிழருக்கு இங்கேதான் பிசகு நேர்கிறது. வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் தனித்தனியே கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. முத்துசாமியின் மகன் சென்னியப்பன் ஊரில் ‘மு. சென்னியப்பன்’. ஆனால் அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘முத்துசாமி’ என்று இருக்கலாம். அல்லது அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டு, இரு பெயர்களும் சொந்தப் பெயர்க் கட்டத்தில் சேர்ந்தே இருக்கலாம். காவலர் வாயால் கேட்டு எழுதும்போது ‘எம். சென்னியப்பன்’ என்று பதிந்துவிட்டால், தூதரகத்தின் கணினியில் உள்ள பெயரோடு அது ஒத்துவராது. வாயால் சொல்லாமல், பாஸ்போர்ட்டின் நகலைக் காட்டி அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்ல வேண்டும். ஊரில் என்றால் “ஏனுங்க, ஒரு எழுத்துத்தானுங்களே” என்று பேசிச் சமாளித்துவிடலாம். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் தூதரக எழுத்தரிடம் அது நடக்காது.

தேதியும் அப்படித்தான். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதால், பிறந்த நாளையும் சம்பவ நாளையும் மாதத்தின் பெயரோடு எழுதச் சொல்வது பாதுகாப்பு. முகவரிக்குக் கதவிலக்கம், தோட்டத்தின் பெயர், வழி, வட்டம் என்றெல்லாம் விரிக்காமல், பாஸ்போர்ட் பதிவில் உள்ளதை அப்படியே தர வேண்டும்.

அடுத்தது பொருள்களின் பட்டியல். ஒரு பை போனது என்று பொதுவாக எழுதிவிட்டுப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம், உள்ளே மடிக்கணினி இருந்தது என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். காவல் நிலையம் செல்வதற்கு முன் தங்குமிடத்தில் அமர்ந்து, பையின் நிறம், நிறுவனப் பெயர், உள்ளிருந்த ஒவ்வொரு பொருள், அதன் எண், தோராயமான விலை, பாஸ்போர்ட் எண், விசா எண், எந்த நாட்டுப் பணம் எவ்வளவு என்பவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பேசும்போது நினைவு தவறும். எழுதிய தாளைக் கொடுத்தால் பல அலுவலர்கள் அதையே புகாரோடு இணைத்துவிடுவார்கள்.

நகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. தாலிக்கொடியையும் வளையல்களையும் கழற்றாமல் பயணம் செய்யும் பெண்கள் நம் பகுதியில் நிறைய. ஐந்து பவுன் சங்கிலி என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. ஒரு பவுன் எட்டு கிராம் என்ற கணக்கில் நாற்பது கிராம், 22 காரட் என்று எழுத வேண்டும். அணிந்திருக்கும் புகைப்படமும் கடை பில்லும் சேர்ந்தால்தான் புகாருக்கு வலு. விலை மதிப்புள்ள நகையோடு செல்பவர்கள் புறப்படும்போதே இந்திய விமான நிலையச் சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று பெறலாம். திரும்பும்போது சுங்கத் தொல்லை இல்லாதிருக்கத் தரப்படும் அந்தச் சான்று, நகை போனால் அது நம்முடையதே என்பதற்கு ஆதாரமாகவும் நிற்கும்.

கண்காட்சிக்கு மாதிரிகளை ஏ.டி.ஏ. கார்னே என்னும் தற்காலிக ஏற்றுமதி ஆவணத்தின் பேரில் கொண்டுசெல்பவர்கள், அவை திருடுபோனால் காவல் அறிக்கையை அந்நாட்டுச் சுங்கத்திடமும், இந்தியாவில் அந்த ஆவணத்தை வழங்கும் ஃபிக்கி என்னும் தொழில் வணிகக் கூட்டமைப்பிடமும் தர வேண்டும். சரக்கு அந்நாட்டில் விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்கும் வாய்ப்பு இருப்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மொழியும் நடத்தையும்

சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆங்கிலம் வராத முதியவர்கள் அங்கே தமிழ் தெரிந்த அலுவலர் கிடைப்பாரா என்று தயங்காமல் கேட்கலாம். மலேசியாவில் அறிக்கை பெரும்பாலும் மலாய் மொழியில் இருக்கும். ஆனால் உதவிக்கு ஒரு தமிழர் அகப்படாத ஊர் அங்கே குறைவு. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே அறிக்கை அந்நாட்டு மொழியில்தான் வரும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான 2012ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, புகார் அளித்தவருக்கு எழுத்து மூலமான ஒப்புகை தரப்பட வேண்டும் என்றும், அம்மொழி தெரியாதவர் கேட்டால் அவருக்குப் புரியும் மொழியில் அந்த ஒப்புகையின் மொழிபெயர்ப்பைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. வெளிநாட்டவருக்கும் இந்த உரிமை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். இது குற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். வெறுமனே தொலைந்த பொருளுக்குப் பொருந்தாது.

புரியாத தாளில் கையெழுத்திடுவதற்கு முன், கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் படமெடுத்து, குறைந்தது பெயர், தேதி, இடம், பொருள், தொலைந்ததா திருட்டா என்ற ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். வெளியே வந்தபின் திருத்துவது மிகக் கடினம். கையெழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே இருக்கட்டும்.

வரிசை எண் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேரிடலாம்; கைபேசித் திருட்டுக்கு அவர்கள் ஓடிவரப் போவதில்லை. குரலை உயர்த்துவதாலோ, ஊரில் இன்னாரைத் தெரியும் என்பதாலோ வேலை விரைவதில்லை. காரியம் நடக்கட்டும் என்று நோட்டை நீட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். சிங்கப்பூர் போன்ற நாட்டில், பொருளைப் பறிகொடுத்தவராக உள்ளே சென்றவர் குற்றம் சாட்டப்பட்டவராக மாற அந்த ஒரு செயலே போதும். ஏதேனும் காரணத்தால் காவலில் வைக்கப்பட நேர்ந்தால், தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்கக் கேட்கும் உரிமை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையால் நமக்கு உண்டு.

போலிக் காவலர்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பியச் சுற்றுலா நகரங்களில், சாதாரண உடையில் வந்து அட்டையொன்றைக் காட்டி, கள்ளநோட்டுச் சோதனை என்று பணப்பையைக் கேட்பவர்கள் உண்டு. உண்மையான காவலருக்கு நம் ரூபாயையும் யூரோவையும் தெருவில் எண்ணிப் பார்க்கும் வேலை இல்லை. ‘நிலையத்துக்கு வருகிறேன், அங்கே காட்டுகிறேன்’ என்று ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாக நடக்கத் தொடங்கினால் பெரும்பாலும் அவர்களே கலைந்துவிடுவார்கள்.

புகாரை ஏற்க மறுத்தால் வாதாட வேண்டாம். தொலைந்ததற்கான பதிவாவது தாருங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். அதுவும் இல்லையெனில் இணையத்தில் பதியலாம். அல்லது வேறு நிலையத்துக்குச் செல்லலாம். பாஸ்போர்ட் விஷயத்தில் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை அழைத்து, அந்த ஊரில் எந்த வடிவிலான அறிக்கையை அவர்கள் ஏற்கிறார்கள் என்று கேட்டால் ஒரே அழைப்பில் விடை கிடைக்கும். கேமராப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றே கேட்க வேண்டும்; பல இடங்களில் சில நாள்களில் அது அழிந்துவிடும்.

பாஸ்போர்ட் போனவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியவை

காவல் அறிக்கையின் மூலப்படியோடு இந்தியத் தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ செல்ல வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட், மிலான், குவாங்சோ, துபாய் ஆகிய ஊர்களில் துணைத் தூதரகங்கள் உண்டு என்பதால் தலைநகருக்குப் போக வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டின் நகல், புகைப்படங்கள், இந்தியர் என்பதற்கான வேறொரு சான்று, பாஸ்போர்ட் தொலைந்த விதம் குறித்த உறுதிமொழி ஆகியவை கேட்கப்படும். அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஊர் திரும்ப மட்டும் போதும் என்றால் அவசரச் சான்றிதழ். இது இந்தியாவுக்கு ஒருமுறை வருவதற்கு மட்டுமே செல்லும். பயணத்தைத் தொடர வேண்டும் என்றாலோ அங்கேயே வசிப்பவர் என்றாலோ புதிய பாஸ்போர்ட்; இதற்கு நாள் கூடுதலாகும். அவசரச் சான்றிதழ் பெறுபவர்கள் வேறொரு நாட்டில் விமானம் மாறித் திரும்புவதாக இருந்தால், அந்தச் சான்றிதழோடு அங்கே மாற முடியுமா என்று டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கோவைக்கு வருபவர்கள் எல்லோரும் வழியில் விமானம் மாறித்தான் ஆக வேண்டும் என்பதால் இது முக்கியம்.

தூதரகத் தாள் கிடைத்ததும் நேராக விமான நிலையம் போய்விடலாம் என்று எண்ணக் கூடாது. நாட்டுக்குள் நுழைந்த முத்திரையோ விசாவோ இருந்திருந்தால் அவையும் பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, அமீரகம் போன்ற நாடுகளில் குடிநுழைவு அலுவலகம் சென்று, முறைப்படி நுழைந்தவர் என்பதைச் சரிபார்த்துப் புதிய ஆவணத்தில் குறிப்பையோ வெளியேறும் அனுமதியையோ பெற வேண்டியிருக்கும். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது காவல் அறிக்கைதான்.

தொலைந்தது என்று தூதரகத்தில் தெரிவித்த பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். மறுநாள் சூட்கேஸின் அடியில் அது அகப்பட்டாலும் அதைக் கொண்டு பயணம் செய்யக் கூடாது. தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். காவல் நிலையம் செல்வதற்கு முன் பெட்டியை ஒருமுறை முழுவதும் கொட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தூதரகத்தில் காரணமின்றித் தாமதமானால், வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்தில் முறையிடலாம்.

ஊர் திரும்பிய பிறகு

கோவையிலோ ஈரோட்டிலோ காவல் நிலையம் சென்று, பாரிஸில் போன பைக்கு சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆரோ கேட்பதில் பொருளில்லை. வெளிநாட்டு அறிக்கையே அதற்கான ஆவணம். பையோடு போன ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றுக்கு மட்டும், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையைப் பெற்றுக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகலாம். புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டுக் காவல் அறிக்கையின் மூலமும் அவசரச் சான்றிதழும் தேவைப்படும் என்பதால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மூலப்படியைக் கொடுத்துவிடாமல் நகலையே தர வேண்டும். அறிக்கை வேற்று மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் வைப்பது நல்லது. காப்பீட்டு விதிகள் பலவற்றில், திருட்டு நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அறிக்கையில் பதிவு நேரம் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

சில மாதங்கள் கழித்து வீட்டு முகவரிக்கு அந்நாட்டிலிருந்து முத்திரையிட்ட கடிதம் ஒன்று வரலாம். ஜெர்மனியிலிருந்து வந்தால் பெரும்பாலும் அது அரசு வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பியதாக இருக்கும். குற்றவாளி யாரென்று தெரியாததால் விசாரணை நிறுத்தப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். புரியாத மொழியில் அரசு முத்திரையைக் கண்டு வீட்டிலுள்ளோர் கலவரப்பட வேண்டியதில்லை. பதில் அனுப்பும் தேவையும் பொதுவாக இல்லை. இழப்பீடு இன்னும் வந்து சேரவில்லை என்றால் அதன் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, மூலத்தைக் காவல் அறிக்கையோடு அதே கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.